இரண்டு ஊசி, ஒரே நூல்... இத்தனையும் நடந்தது தெரியுமா?

இதைப் படிக்கும்போது பனியனோ டி-ஷர்ட்டோ போட்டிருக்கிறீர்களா? அதன் விளிம்பைக் கொஞ்சம் இழுத்துக் கண்ணுக்கு அருகில் பிடியுங்கள். சரியாகத் தெரியாவிட்டால் மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிப்பக்கம் முழுக்க ‘வி’ எழுத்துகள், ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்து, வரிசை வரிசையாகக் கீழே இறங்கும். உள்பக்கம் திருப்புங்கள்: குட்டிக் குட்டி வில்கள், செங்கல் அடுக்கின மாதிரி! உங்கள் வேட்டியிலோ சேலையிலோ இதைப் பார்க்க முடியாது. அங்கே பாவு நெட்டுக்கு ஓடும், ஊடை குறுக்கே ஓடும், இரண்டும் சேர்ந்தால்தான் துணி. பனியனில் பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது. நூல் வளைந்து ஒரு கண்ணி ஆகிறது. அந்தக் கண்ணிக்குள் இன்னொரு கண்ணி, அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று... அவ்வளவுதான் துணி!

திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் ராத்திரி பகலாக ஓடும் மெஷின்களும், கோத்தகிரியில் வாசல்படியில் வெயில் காய்ந்துகொண்டே என் பெரியம்மா பின்னிய ஸ்வெட்டரும் செய்வது ஒரே வேலையைத்தான் என்று எனக்கு விளங்கிய நாளை மறக்கவே மாட்டேன். பெரியம்மாவிடம் இருந்தது இரண்டே ஊசி. திருப்பூரின் வட்டப் பின்னல் மெஷின் ஒன்றில் எத்தனை ஊசி தெரியுமா? 30 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 ஊசி என்றால், சுற்றி வர 2,200க்கும் மேல்! ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு குட்டி நாக்கு. நூலைப் பிடிக்கத் திறக்கும், பிடித்ததும் மூடும். துணி குழாயாகவே கீழே இறங்கும். சில உள்பனியன்களுக்குப் பக்கவாட்டில் தையலே இல்லாதது இதனால்தான்.

இன்னொரு ஆச்சரியம்! பருத்தி நூலைத் தனியாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள், நீளவே நீளாது. அதே நூலில் பின்னிய பனியனை இழுங்கள், தலை நுழையும் அளவுக்கு விரிந்து கொடுத்து, விட்டதும் பழையபடி சுருங்கிக்கொள்ளும். நீளாத நூல் எப்படி நீளும் துணியானது? நீளுவது நூல் அல்ல, வளைவு. குண்டாக இருந்த கண்ணி ஒல்லியாகிறது, ஒல்லியானது மறுபடி குண்டாகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் எலிசபெட்டா மாட்சுமோட்டோ என்ற இயற்பியலாளர் இந்தக் கண்ணிகளின் வடிவக் கணக்கையே ஆராய்ச்சியாக எடுத்துச் செய்துகொண்டிருக்கிறார். பாட்டிமார் விரல் நுனியில் வைத்திருந்த விஷயத்துக்கு இன்று இயற்பியல் சூத்திரம் எழுதுகிறார்கள்!

அடிப்படையில் எத்தனை வகைக் கண்ணி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டே இரண்டு. நிட், பர்ல். அதிலும் பர்ல் என்பது வேறொன்றுமில்லை, நிட்டைப் பின்பக்கமிருந்து பார்த்தால் அதுதான் பர்ல்! இந்த இரண்டை இடம் மாற்றி மாற்றி வைத்தால் கழுத்தில் இறுக்கிப் பிடிக்கும் ரிப், சதுரக் கட்டம், கோதுமைக் கதிர், கோபுரப் படி, எது வேண்டுமானாலும் வரும்.

சரி, என் வீட்டுக்கு வாருங்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு வயர் கூடை. அதில் மாம்பழ மஞ்சளில் ஒரு ஸ்வெட்டர், தங்கையின் மூன்று வயது மகளுக்கு. உடம்பு முடிந்தாயிற்று, இடது கை முடிந்தாயிற்று. போன மாதம் வந்தவள் கூடையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, “பெரியம்மா, இன்னொரு கை எங்க?” என்று கேட்டாள். “இதோ பாரு கண்ணு, இங்க தூங்குது” என்று காட்டினேன். உண்மையிலேயே தூங்கத்தான் செய்கிறது! கழுத்திலிருந்து கீழே பின்னிக்கொண்டு வரும்போது, கைக்கு வேண்டிய 46 கண்ணிகளை ஊசியிலிருந்து இறக்கி, ஒரு பச்சை நூலில் கோர்த்து முடிச்சுப் போட்டு விட்டுவிடுவோம். மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஒன்றுகூடக் கழன்றுபோகாது. நேரம் கிடைக்கும் அன்றைக்கு ஊசியில் ஏற்றினால், விட்ட இடத்திலிருந்து கை முளைக்கும்!

இந்தப் பாதியில் நிற்கும் வேலைக்கு ஆங்கிலம் பேசும் பின்னல்காரர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ‘யுஎஃப்ஓ’! பறக்கும் தட்டுக்குச் சொல்லும் அதே மூன்றெழுத்து. இங்கே அதற்கு ‘முடியாத பொருள்’ என்று அர்த்தம். ஒரு காலுறையை முடித்துவிட்டு ஜோடியைத் தொடங்க மனசு வராமல் கிடப்பதற்கும் பெயர் உண்டு: ‘இரண்டாவது காலுறை நோய்’. பின்னியதை ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கி அவிழ்ப்பதற்கு ‘டிங்க்’ என்கிறார்கள். ‘நிட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் ‘டிங்க்’ வரும்! மொத்தமாகச் சரசரவென்று உருவுவதற்குப் பெயர் ‘ஃப்ராக்’, அதாவது தவளை. ‘ரிப் இட், ரிப் இட்’ என்றால் கிழி, கிழி. அமெரிக்கத் தவளைகள் கத்துவது அவர்கள் காதில் அப்படித்தான் விழுகிறதாம்.

அந்த உருவுதல் இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. இடது கையின் முதல் 14 வரிசையில் கணக்குத் தப்பி, கை முறுக்கிக்கொண்டு வந்தது. ஊசியை வெளியே எடுத்து நூலை இழுத்தேன். டக் டக் டக்கென்று கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கைவிட, மூன்று நாள் ராத்திரி உட்கார்ந்து செய்தது மூன்று நிமிஷத்தில் மடியில் குவிந்தது, சேமியா மாதிரி நெளிந்து நெளிந்து. தையல்காரர் தப்பாக வெட்டிய துணி போனது போனதுதான். உடைந்த பானையை மறுபடி களிமண்ணாக்க முடியாது. ஆனால் இந்த உல்லன் நூல்? வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, சிட்டமாகச் சுற்றித் தொங்கவிட்டேன். காய்ந்தபோது நெளிவெல்லாம் போய், கடையில் வாங்கின அன்று இருந்த மாதிரி நின்றது. ஒரு அங்குலம் நஷ்டமில்லை! வீட்டில் கையால் செய்யும் வேலைகளில் தப்பை இவ்வளவு பெருந்தன்மையாக மன்னிக்கும் வேலை இன்னொன்று இருக்கிறதா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பதில் கிடைக்கவில்லை.

ஒரு ஸ்வெட்டருக்கு எத்தனை கண்ணி என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நான் எண்ணினேன். நடுத்தர கனமுள்ள நூலில் பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்கு, குறுக்கே 22 கண்ணி, நெடுக்கே 30 வரிசை. ஆக 660. பெரியவர்களுக்கான முழுக்கை ஸ்வெட்டரைப் பிரித்து விரித்தால் இப்படி 90 சதுரங்களுக்கு மேல் வரும். அறுபதாயிரம் கண்ணி! ஒரு கண்ணி ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நூலைச் சாப்பிடுகிறது. அப்படியென்றால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான நூலைத்தான் ஸ்வெட்டர் என்று பெயர் சொல்லி மாட்டிக்கொண்டிருக்கிறோம். நிமிஷத்துக்கு 25 கண்ணி போட்டால் நாற்பது மணி நேரம். யாராவது கையால் பின்னிய ஸ்வெட்டரை உங்களுக்குக் கொடுத்தால், அந்த நாற்பது மணி நேரமும் உங்கள் நினைப்பாகவே இருந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேகமென்றால், ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்துத் தீவுகளைச் சேர்ந்த ஹேசல் டிண்டால் 2008இல் மூன்றே நிமிஷத்தில் 262 கண்ணி பின்னிக் காட்டினார்! அந்தத் தீவுக்காரர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. முதுகில் விறகுக்குப் பதிலாக எரிக்கும் கரிமண் கட்டிகளைக் கூடையில் சுமந்துகொண்டு, நடந்துகொண்டே பின்னிய பெண்கள் அவர்கள். எப்படி முடிந்தது? இடுப்பில் ஒரு தோல் பெல்ட், அதில் குதிரை முடி அடைத்த ஒரு பட்டை, பட்டை நிறைய ஓட்டைகள். ஒரு ஊசியின் முனையை அந்த ஓட்டையில் செருகிவிட்டால் ஊசியைத் தாங்க ஒரு கை வேண்டாம். கால் பாட்டுக்கு நடக்கும், விரல் பாட்டுக்குப் பின்னும். அதே ஷெட்லாந்தில் பின்னப்படும் சில சால்வைகள் ஆள் போர்த்திக்கொள்ளும் அகலம், ஆனால் ஒரு கல்யாண மோதிரத்துக்குள் நுழைத்து மறுபக்கம் இழுத்துவிடலாம்! ரஷ்யாவின் ஓரன்பர்க் சால்வைக்கும் இதே பெருமை உண்டு. அது ஆட்டின் அடி ரோமத்தில் பின்னுவது.

கடல் பக்கம் போனால் ஒரு கதை தொடர்ந்து காதில் விழும். அயர்லாந்தின் அரன் தீவுகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி ஸ்வெட்டர் டிசைன் இருந்ததாம். கடலில் மூழ்கியவரின் உடல் கரை ஒதுங்கினால் டிசைனை வைத்து அடையாளம் காண்பார்களாம். கேட்க உருக்கமாக இருக்கிறது, ஆனால் அது பிற்காலத்தில் பரவிய கதை. அந்த ஸ்வெட்டர்களே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருவாயின. கதைக்கு வித்து எங்கே என்கிறீர்கள்? ஜே. எம். சிங் எழுதி 1904இல் மேடையேறிய ‘ரைடர்ஸ் டு த சீ’ நாடகத்தில்! தூரத்துக் கரையில் கிடைத்த ஒரு பிணத்தின் காலுறையை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அண்ணனுடையதுதானா என்று தெரியவில்லை. தங்கை கண்ணிகளை எண்ணுகிறாள். அறுபது போட்டு, நான்கைத் தவறவிட்ட காலுறை. அவள் பின்னியதேதான். குடும்ப டிசைன் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. அவள் கைப்பிழையே போதுமாக இருந்தது. கட்டுக்கதையைவிட இந்தக் காட்சி என்னை எத்தனையோ மடங்கு உலுக்குகிறது.

“இதெல்லாம் பொம்பளைங்க வேலை” என்று சொல்பவர்களைப் பெரு நாட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டும்! கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டர் உயரத்தில் டிட்டிகாக்கா ஏரி, அதன் நடுவில் தகீலே தீவு. அங்கே பின்னுவது ஆண்கள். பையன்கள் சின்ன வயதிலேயே ஊசி பிடிக்கிறார்கள். குல்லாவைப் பார்த்தே கல்யாணம் ஆனவரா ஆகாதவரா என்று சொல்லிவிடலாம். ஆகாதவர் குல்லாவின் மேல்பகுதி வெள்ளை. 2005இல் யுனெஸ்கோ இந்தத் தீவின் துணிக்கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் பின்னல் சங்கங்களில் மாஸ்டர் பட்டம் வாங்கியவர்கள் ஆண்கள்தான். அவ்வளவு தூரம் ஏன்? டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய பிரிட்டிஷ் டைவிங் வீரர் டாம் டேலி, பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்ததை உலகமே பார்த்தது. அந்தத் தங்கப் பதக்கத்தில் கீறல் விழாமலிருக்க ஒரு உறையும் அவரே பின்னினார்!

கார்டிகன், ராக்லன், பாலக்ளாவா. முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டர், கழுத்திலிருந்தே கை தொடங்கும் சட்டை, கண் மட்டும் தெரியும் குல்லா. மூன்று பெயரும் ஒரே போரிலிருந்து வந்தவை என்றால் நம்புவீர்களா? 1854, கிரிமியப் போர். பாலக்ளாவா என்ற ஊரில் நடந்த சண்டையில் குதிரைப் படைப் பிரிவு ஒன்றை நடத்திச் சென்றவர் கார்டிகன் பிரபு. பிரிட்டிஷ் படை மொத்தத்துக்கும் தளபதி ராக்லன் பிரபு. அவர் அதற்கு முன்பே, 1815இல் வாட்டர்லூவில் ஒரு கையை இழந்தவர். என் கூடையில் ஒரு கை இல்லாமல் கிடக்கிறதே, அந்தக் குட்டி ஸ்வெட்டரும் ராக்லன்தான்.

போர் என்றதும் ஃபிலிஸ் லாத்தூரைச் சொல்லாமல் எப்படி? 1944 மே, நாஜிகள் பிடித்து வைத்திருந்த நார்மண்டியில் 23 வயதுப் பெண் உளவாளி ஒருத்தி பாராசூட்டில் குதிக்கிறாள். சோப்பு விற்கும் 14 வயதுச் சிறுமி மாதிரி சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றுகிறாள். பை நிறையப் பின்னல் சாமான். அவளுடைய ரகசியக் குறியீடுகள், ஏறக்குறைய இரண்டாயிரம், ஒரு பட்டுத் துணித்துண்டில் இருந்தன. ஒரு குறியீட்டைப் பயன்படுத்தியதும் அதன் மேல் ஊசியால் ஒரு குத்து. துணியைப் பின்னல் ஊசியில் சுற்றி, தலைமுடி கட்டும் பட்டையான ஷூ லேஸுக்குள் செருகி வைத்திருந்தாள். லண்டனுக்கு அவள் அனுப்பிய செய்திகள் 135! போர் முடிந்து, நியூசிலாந்தில் 102 வயது வரை வாழ்ந்து, 2023இல்தான் கண்மூடினார் அந்த அம்மா. அதே போர்க்காலத்தில், நாஜிகள் பிடியிலிருந்த நார்வேயில் சிவப்புக் கம்பளிக் குல்லா எதிர்ப்பின் அடையாளமாகிவிட்டது. 1942இல் அதைப் போடவே தடை! ஒரு குல்லாவுக்குப் பயந்த ராணுவம்!

அந்த நார்வேக்காரர்களின் பின்னல் பைத்தியத்துக்கு இன்னொரு சாட்சி: 2013 நவம்பரில் அரசுத் தொலைக்காட்சி ஒரு ராத்திரி முழுக்க, ஆட்டின் ரோமத்தைக் கத்தரிப்பதிலிருந்து நூல் நூற்று ஸ்வெட்டர் பின்னி முடிப்பது வரை நேரலையாகக் காட்டியது. ஐந்து மணி நேரத்துக்குள் செய்து முடித்த ஆஸ்திரேலியர்களின் சாதனையை முறியடிக்கத்தான் உட்கார்ந்தார்கள். முடியவில்லை, எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆனாலும் ஒரு நாட்டு ஜனம் கண் விழித்து உட்கார்ந்து பார்த்தது!

ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் தீவில் 2001இல் எண்ணெய் கசிந்து 438 குட்டிப் பென்குவின்கள் சிக்கின. அலகால் இறகைக் கோதினால் எண்ணெய் வயிற்றுக்குள் போய்விடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் கையால் பின்னிய ஸ்வெட்டர் மாட்டினார்கள்! பெரும்பாலானவை பிழைத்துக் கடலுக்குத் திரும்பின. நம் மதுராவிலோ, மீட்கப்பட்ட யானைகளுக்காக அக்கம்பக்கத்துக் கிராமப் பெண்கள் கலர் கலராக ராட்சச ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தார்கள், 2017 குளிரில். அந்தப் புகைப்படத்தை எப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இன்னும் கேளுங்கள். 1589இல் இங்கிலாந்தின் கால்வர்ட்டன் கிராமத்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் முதல் மெஷினைக் கண்டுபிடித்தார். திருப்பூர் மெஷின்களுக்கெல்லாம் அதுதான் பாட்டன். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் சோறு போய்விடுமே என்று எலிசபெத் ராணி காப்புரிமை கொடுக்க மறுத்ததாகச் சொல்வார்கள். இருநூறு வருஷம் கழித்து, 1811இல் நாட்டிங்ஹாம் பக்கத்துத் தொழிலாளர்கள் உடைத்து நொறுக்கியதும் காலுறை மெஷின்களைத்தான். உடைத்தவர்களுக்குத் தூக்குத் தண்டனை என்று மசோதா வந்தபோது, 1812இல் பிரபுக்கள் சபையில் அவர்களுக்காக எழுந்து நின்று பேசியவர் யார்? கவிஞர் பைரன்!

உடம்புக்குள்ளும் பின்னல் போயிருக்கிறது. 1950களில் அமெரிக்க அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி, ஹூஸ்டன் கடையில் டாக்ரான் துணி வாங்கி, மனைவியின் தையல் மெஷினில் செயற்கை ரத்தக் குழாய் தைத்தார். அடுத்து தையலே இல்லாத குழாய் வேண்டியிருந்தது. தையலில்லாக் குழாய்க்கு வழி? நம் உள்பனியன் வழிதான். மெஷினில் பின்னியே எடுத்தார்கள்!

மனசுக்கு? 2013இல் வெளியான ஒரு ஆய்வில் பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னல்காரர்களிடம் கேட்டிருக்கிறார்கள். அடிக்கடி பின்னுகிறவர்களே அதிக அமைதியும் சந்தோஷமும் உணர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஆய்வு தேவையில்லை. ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு கூடையை இழுத்தால், பத்தாவது வரிசைக்குள் மூச்சு தானாக நிதானமாகிவிடும். மழை நாளில் கம்பளி நூலின் இதம் வேறு. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் ஈரமே தெரியாத நார் அது, தெரியுமா?

பாதியில் நிற்கும் பின்னலில் என் மனசுக்கு மிகவும் நெருக்கமானது ஜெர்மனியில், ஹாம்பர்க் ஓவியக் கூடத்தில் இருக்கிறது. 1400ஐ ஒட்டி மாஸ்டர் பெர்ட்ராம் என்ற ஓவியரின் பட்டறையில் தீட்டிய பலிபீடப் படம். மேரி மாதா உட்கார்ந்து குழந்தை இயேசுவுக்குச் சட்டை பின்னுகிறாள். தையலில்லாமல் வட்டமாகப் பின்னும் முறை. கழுத்தைச் சுற்றி ஊசிகள் இன்னும் அப்படியே நிற்கின்றன. பக்கத்தில் குழந்தை, வந்து நிற்கும் தேவதூதர்கள் கையில் சிலுவை. கழுத்து மட்டும் மூட வேண்டும். அறுநூறு வருஷமாக அந்த ஊசிகள் வெளியே வரவில்லை.

என் ஊசியில் நேற்று ராத்திரி அந்த 46 கண்ணிகளை ஏற்றிவிட்டேன். தை மாதத்துக்குள் வலது கை முடிந்துவிடும். அதற்குள் அவள் வளர்ந்துவிட்டால்? மேலிருந்து கீழே பின்னும் இந்த முறைக்கு பார்பரா வாக்கர் 1972இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். இதில் ஒரு மாயம் உண்டு, கேளுங்கள்: விளிம்பின் கடைசி வரிசையை மட்டும் அவிழ்த்து, கண்ணிகளை ஊசியில் பிடித்து, கீழே இன்னும் நாலு விரற்கடை பின்னிக்கொண்டே போகலாம். ஸ்வெட்டர் குழந்தையோடு சேர்ந்து வளரும்! ஒவ்வொரு சாய வாளிக்கும் நிறம் ஒரு மயிரிழை மாறும் என்பதால், பட்டைச் சீட்டில் அதே எண் போட்ட மஞ்சள் உருண்டை இரண்டு கூடுதலாக வாங்கி, கூடைக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறேன்.